ஏழாம் மாடிப் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் ஃபேன் சுற்றாது. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். காலிங் பெல்லை அணைத்துவிடுவார்கள். குக்கர் விசில் விடக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது, பாத்திரம் தேய்க்க வருகிற மாவ்ஷியை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் உள்ளே ரெக்கார்டிங் நடக்கிறது. புனேயின் ஔந்து பகுதியில், ஏழாவது மாடியில், ஏப்ரல் வெயிலில், எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு என் அடுப்படியில் நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு சத்தம் வராமல் வெங்காயம் நறுக்குவேன். சத்தம் வராமல் வெங்காயம் நறுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பலகைக்கு அடியில் துணியை மடித்துப் போட்டு, கத்தியைத் தூக்காமல் இழுத்து இழுத்து நறுக்க வேண்டும். எந்த சங்கீதக் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்தது இதே புனேயில், தாபோடியில். மாமனார் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். இவருக்கு மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் படிக்க பெங்களூர் போனதும் அவள் அறையில் ஒரு மேசை போட்டுக்கொள்ளலாம், பேப்பர் திருத்த வசதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பான்ஜ் ஒட்டியாகிவிட்டது. மைக் வந்தது, கீபோர்டு வந்தது, இரண்டு ஸ்பீக்கர் வந்தது. ஹோம் ஸ்டுடியோ என்றார். யாருடைய ஹோம் என்று நான் கேட்கவில்லை.

அந்த அறை அலமாரியில்தான் என் பட்டுப்புடவைகள் தொங்குகின்றன. கதவைத் திறந்துவைத்து அதற்கு நேராக மைக்கை நிறுத்திப் பாடினால் எதிரொலி வராதாம், துணி சத்தத்தை உறிஞ்சிவிடுமாம். இணையத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, என் கல்யாணப் புடவை ஞாயிறுதோறும் நின்றுகொண்டு அடுத்தவர்கள் பாட்டைக் கேட்கிறது. ஒரு வளைகாப்புக்குக் கட்டலாம் என்று எடுக்கப் போனேன். "அரே, அத எடுக்காத, ரூம் சவுண்டே மாறிடும்" என்றார். ஒரு செயற்கைப் பட்டைக் கட்டிக்கொண்டு போய் வந்தேன்.

உள்ளே மொத்தம் மூன்று பேர். கீபோர்டும் கம்ப்யூட்டரும் இவர். கிட்டார் வாசிப்பவர் எங்கள் சொசைட்டியிலேயே மூன்றாவது மாடியில் இருக்கிற மராத்திக்காரர், வங்கி மேனேஜர். என்னை "வஹினி" என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அண்ணி. மூன்றாவது, பாடுகிற பெண். இவருடைய ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தமிழ்ப் பெண்தான், ஆனால் புனேயிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் அவளுக்கு நின்று நின்று வரும். எழுதப் படிக்கத் தெரியாது. குரல் மட்டும் அப்படி ஒரு குரல், அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அவளுக்கு நான் ஆன்ட்டி. "ஆன்ட்டி, கொஞ்சம் பானி." "ஆன்ட்டி, அந்த ஃபேன்." இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

இவர்கள் அடுத்தவர் பாட்டைத் தொட மாட்டார்கள். ஒரிஜினல்தான் பாடுவோம் என்று சபதம். நல்ல சபதம்தான். ஆனால் போட்ட ஒரிஜினல் எல்லாம் நிலா, வானம், நீ, நான், மறுபடியும் நிலா. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு நிலாவைக் கண்டாலே எரிச்சல் வர ஆரம்பித்தது. மாற்றாக ஏதாவது மண் வாசனையோடு வேண்டும் என்று இவர்களே ஒரு நாள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் எங்கள் சொசைட்டியில் தண்ணீர் படுத்துவிடும். டேங்கர் லாரி வந்து கீழே தொட்டியை நிரப்பி, அதை மோட்டார் மேலே ஏற்றி, ஏழாவது மாடிக்கு வருவதற்குள் விடிந்துவிடும். குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும். அடித்தொண்டையில் ஊம்ம்ம் என்று தொடங்கி, மேலே ஏறி, விக்கி, அடங்கும். ஒரு கோடையில் பாத்திரத்தைக் குவித்துவைத்துக்கொண்டு குழாய் முன்னால் நின்றிருந்தபோது, அந்தச் சத்தத்தோடு சேர்ந்து நானும் முனக ஆரம்பித்தேன். குழாய் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன். மறுநாள் காலையிலும் அதே இடம், அதே சத்தம், இன்னும் கொஞ்சம் நீண்டது. அந்தக் கோடை முடிவதற்குள் பல்லவி ஆயிற்று, சரணம் ஆயிற்று, வார்த்தையும் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் வார்த்தையை நான் வாய்விட்டுப் பாடுவதில்லை. கல்யாணமான புதிதில் தாபோடி வீட்டில் ஏதாவது பாடினால் மாமியார், "இன்னாம்மா, சினிமால சேரப் போறியா?" என்பார். நாத்தனார் சிரிப்பாள். அன்றைக்கு மூடிய வாய்தான். அதன் பிறகு நான் பாடுவதெல்லாம் மூடிய உதட்டுக்குள். மகளைத் தூங்கவைக்கும்போது மட்டும் கொஞ்சம் திறக்கும். அந்தத் தாலாட்டைக் கேட்டுக் கேட்டு இவரும் பாட ஆரம்பித்து, பிறகு தன் தங்கச்சி பிள்ளைக்கும் பாடினார்.

குழாய்ப் பாட்டின் பல்லவி ஒரு ஞாயிறு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கீபோர்டில் கேட்டது. கத்தியைக் கீழே வைத்தேன். என் ட்யூன்! ஒரு சுரம் பிசகாமல்! இவர் காதில் விழுந்திருக்கிறது, மனதில் நின்றிருக்கிறது, பிடித்துப்போய் எடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் செய்து, கடைசியில் எனக்கு ஒரு ஆச்சரியம் வைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவராகச் சொல்லட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பிடித்த எண்ணெய்க் கத்தரிக்காய் வேறு செய்து போட்டேன். கிறுக்கி!

வாரங்கள் போயின. ஆச்சரியம் வரவில்லை. அந்த ட்யூனுக்கு அவர்களே வார்த்தை போட்டுப் பாடுவது கேட்டது. "வரப்பு மேல நடந்து வாரா, வளையல் சத்தம் கேக்குதடி." வரப்பா? எந்த வரப்பு? எங்கள் பார்க்கிங்கில் கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்களே, அதுவா? அப்போதும் பொறுத்துக்கொண்டேன். வார்த்தையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு, பாட்டுக்கு முன்னால் வைக்க ஒரு சின்ன வீடியோ எடுத்தார்கள். சாயங்காலம் பாட்டை வெளியிடப் போவதாக எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சொல்லியாகிவிட்டது. நான் அவல் போஹாவும் டீயும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அந்தப் பெண் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஹாய்! இது ஒரு ரொம்ப ரொம்ப பழைய... ஃபோக் சாங். சாரோட வைஃப் இருக்காங்கல்ல, அவங்க வில்லேஜ்ல... மத்லப், நூறு நூறு வருஷமா லேடீஸ் பாடறாங்க. வயல்ல வேல பண்ணும்போது. இத யாரு பண்ணாங்கன்னு யாருக்குமே தெரியாது."

யாருக்குமே தெரியாதாம்! தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேதான் நிற்கிறேன். நான்கு டம்ளர் டீ, மேலே ஆவி பறக்கிறது.

"பர்ஃபெக்ட்" என்றார் இவர்.

நான் கதவைக் காலால் தள்ளினேன். "யாரு பண்ணாங்கன்னு எனக்குத் தெரியுமே" என்றேன்.

அந்தப் பெண் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "ரியலி ஆன்ட்டி? யாரு?"

"நான்."

இவர் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீயா?" என்றார்.

உலகத்தில் எத்தனையோ வசவு இருக்கிறது. மதுரைக்காரிக்கு வசவுக்குப் பஞ்சமா? எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். அந்த "நீயா?" போல ஒன்று என் மேல் விழுந்ததில்லை. அதில் கேலி இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. வெறும் ஆச்சரியம். நாற்காலி எழுந்து பேசினால் வருகிற ஆச்சரியம். உச்சந்தலையில் பத்திக்கொண்டு வந்தது.

"ஏன், நான் போடக்கூடாதா?"

"அரே, அப்டி இல்ல. நீ கிச்சன்ல எப்பவும் பாடுவியே... உங்க ஊர்ப் பாட்டுன்னு நெனச்சேன்."

"எங்க ஊரு எது?"

"மதுரை."

"மதுரையில எங்க? பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, அங்க வயலு இருந்துச்சா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாடி வீடு. கீழ ஜெராக்ஸ் கட. எங்கப்பா இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க்கு. நான் வரப்பப் பாத்ததே ரயில்ல வரும்போதுதான். எந்த லேடீஸ்ங்க எந்த வயல்ல நூறு வருஷமாப் பாடுனாங்க?"

இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். இங்கேயே பிறந்து வளர்ந்த இவர்களுக்குத் தமிழ்நாடு என்றால் ஒரே ஒரு வயக்காடு. அங்கிருந்து வந்தவள் வாயைத் திறந்தால் அது மண்ணின் குரல், மூடினால் அது மரபு. கணக்கில் முதுகலை படித்து, ஸ்கூட்டர் ஓட்டி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற ஒருத்திக்குத் தானாக ஒரு ட்யூன் தோன்றும் என்று இவர்களுக்குத் தோன்றவில்லை. அது யாரோ செத்துப்போன பெண்களிடமிருந்து எனக்குள் வடிந்து வந்ததாம். நான் வெறும் குழாயாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே சொல்கிறவர்களே கேனையர்கள்.

இவர் விடவில்லை. "நான் விசாரிக்காம செய்யல. செகண்ட் பார்ட் தெரியாம எவ்ளோ பேருக்கு போன் போட்டேன் தெரியுமா? உன் பெரியம்மாக்கு, உன் தம்பிக்கு. உங்கம்மாகிட்டகூட கேட்டேன், அந்தப் பாட்டோட மிச்சம் இன்னான்னு. யாருக்கும் தெரியல. அப்புறம்தான் நாங்களே போட்டோம்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மதுரைக்குப் போன் போட்டிருக்கிறார். என் பெரியம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார், அவருக்குக் காது வேறு கேட்காது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற என்னிடம் கேட்கவில்லை. பழைய பாட்டு பழைய ஆட்களுக்குத்தானே தெரியும்!

நான் தட்டைக் கீபோர்டு மேலேயே வைத்தேன். "அங்க வெக்காத" என்றார். வைத்தது வைத்ததுதான். என் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"யம்மா, ஒன் மருமகன் ஒங்கிட்ட ஏதோ பாட்டு கேட்டாராமே?"

"ஆமா, கேட்டாரு. நீ இங்க வந்திருந்தப்ப முனகிக்கிட்டே இருந்தியே, அதப் பாடிக் காட்டி மிச்சம் என்னன்னு கேட்டாரு. அது அவளே கட்டுனது மாப்ள, அவகிட்டயே கேளுங்கன்னேன். சிரிச்சாரு. ஏன்டி, என்ன வெவகாரம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"என்ன ஒண்ணுமில்ல? வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிற கதையால்ல இருக்கு. சாப்ட்டியா?"

போனை வைத்தேன். இதுவரை எனக்கு இவர் தெரியாமல் செய்தார் என்ற ஒரு சமாதானமாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. சொல்லியிருக்கிறார்கள், காதில் விழுந்திருக்கிறது, மாமியார் பெண்ணைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார் என்று சிரித்துவிட்டு, என் பாட்டின் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு வரப்பு மேல் நடந்திருக்கிறார்.

கிட்டார்க்காரருக்குத் தமிழ் தெரியாது. "க்யா ஹுவா?" என்று கேட்டார். இந்தப் பாட்டு என்னுடையது, நான் போட்டது என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். "பாயி சாப், யே கானா மேரா ஹை. மேனே பனாயா." அவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்.

இவர் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு ஸாரி. அதோடு முடிந்திருக்கும், நானும் ஆறிப்போன டீயைச் சூடு பண்ணப் போயிருப்பேன். இவரோ என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாரு, நீ போட்டதாவே இருக்கட்டும். ஆனா எல்லா இடத்துலயும் ஃபோக்னு சொல்லிட்டோம். தமிழ்ச் சங்கத்துலகூட தொலைஞ்சுபோன பாட்ட தேடிப் புடிச்சோம்னு அனௌன்ஸ் பண்ணிட்டாங்க. ஃபோக்னா அதுக்கு ஒரு வெயிட் இருக்கு. பொண்டாட்டி போட்டதுன்னா... வீட்டு மேட்டர் மாதிரி ஆயிடும். ட்ரெடிஷனல்னே இருக்கட்டுமே. நமக்குள்ள தெரிஞ்சா போதாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என்னையே செய்யச் சொல்கிறார், பரிமாறவும் சொல்கிறார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். பாட்டுக்குக் கீழே போடுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. குரல் என்று அந்தப் பெண்ணின் பேர். கிட்டார் என்று அவர் பேர். அரேஞ்ச்மென்ட், மிக்ஸிங், கீபோர்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இவர் பேர். ட்யூனுக்கு நேராக ட்ரெடிஷனல்.

"சரி. அப்ப உங்க பேரையும் எடுத்துருங்க" என்றேன். "நமக்குள்ள தெரிஞ்சா போதும்ல?"

அந்தப் பெண்தான் பேசினாள். சின்னக் குரலில், "ஆன்ட்டி, நான்... எனக்கு அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் மேல் எனக்கு என்ன கோபம்? சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். கிட்டார்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வஹினி, ஆகே ஹை க்யா?" என்று கேட்டார். இதற்கு மேல் இருக்கிறதா, அவ்வளவுதான் கேட்டார். இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

"இருக்கு" என்றேன் தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.

மைக் முன்னால் போய் நின்றேன். எதிரே என் கல்யாணப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. இவர் அவசரமாகக் கம்ப்யூட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்தப் போனார். அழுத்தட்டும். நான் கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டேன், முழு வேகத்தில். தலைக்கு மேலே அது கடகடவென்று சுற்றத் தொடங்கியது. என் வேர்வை அடங்கியது. அந்தச் சத்தத்தோடு பதிவானதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்களிடம் கற்றுக்கொண்டவள்தானே நான்.

வாயைத் திறந்து, வார்த்தையோடு பாடினேன்.

குழாயத் தொறந்தா காத்து வருது, கூடப் பாடவா?
கொடத்த வச்சுக் காத்துக் கெடக்கேன், கதையச் சொல்லவா?
லிப்டு ஏறும், ஆளு ஏறும், தண்ணி ஏறல;
லாரி வந்து நின்ன சேதி மாடி ஏறல.
ஏழாம் மாடி மேல நின்னு எட்டிப் பாக்குறேன்;
எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாக்க எறங்கி ஓடுவேன்.

என் குரல் அந்தப் பெண்ணின் குரல் போல இல்லை. நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. கோபத்தில் உடைந்தது, அழுகையில் இல்லை; நினைத்துக்கொள்கிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். சரணத்தில் ட்யூன் மேலே ஏறி, குழாய் விக்குவது போல விக்கி நிற்கிற இடம் வந்தபோது கிட்டார்க்காரர் தொடையில் தட்டி "ஆஹா" என்றார். அவர்கள் போட்டுவைத்திருந்த வரப்பு அந்தப் பக்கமே போகவில்லை.

பாடி முடித்த பிறகும் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக, "பாப்பாக்குப் பாடுவியே, அந்தத் தாலாட்டு?" என்றார்.

"அதுவும்தான்."

"நான் தங்கச்சி பையனுக்குப் பாடினேனே... எல்லார்கிட்டயும் பழைய தாலாட்டுன்னு..."

"அதுவும் நான் போட்டதுதான். தாபோடி வீட்டுல, உங்கம்மா தூங்குன பொறகு."

இவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் என் பாட்டைப் பாடித்தான் பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கிறார், ஒரு நாள்கூட யார் போட்டது என்று தோன்றவில்லை.

அந்தப் பெண் எழுந்து சுவிட்ச் பக்கம் போனாள். "ஆன்ட்டி, ப்ளீஸ், இன்னொரு தடவ. நான் இத கத்துக்கறேன். ஃபேன் நிறுத்தவா?"

"தொடாத" என்றேன். "மொதல்ல பேரப் போடச் சொல்லு."

இவர் திரைப் பக்கம் திரும்பினார். ட்ரெடிஷனல் என்றிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். விரல் அங்கேயே நின்றது. சாயங்காலம் சங்கத்துக்காரர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். யோசிக்கட்டும்.

அந்தப் பெண் உதவி செய்கிற நினைப்பில் குனிந்து, "நான் டைப் பண்றேன் சார்" என்று கம்ப்யூட்டர் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"ஸாரி ஆன்ட்டி... உங்க பேர் என்ன?"

கிட்டார்க்காரரும் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டில் டீ குடிக்கிறவர்கள்.

சொன்னேன். மைக் திறந்துதான் இருந்தது, அதில் சொன்னேன். அவள் இங்கிலீஷில் அடித்தாள். எழுத்தெழுத்தாகத் திரையில் வந்ததை நின்று பார்த்துவிட்டு, நானே போய் ஃபேனை நிறுத்தினேன்.